தோட்டத்து நத்தைகளை இனங்காணல்: கண்டிப் பகுதிக் கமக்காரருக்கு

மழை தொடங்கி இரண்டு இரவுகள் கழிந்ததும், கண்டிப் பகுதியில் மரக்கறித் தோட்டம் வைத்திருப்போர் விடியற்காலையிற் காணும் காட்சி பெரும்பாலும் ஒன்றே. முதல்நாள் மாலையில் இரண்டிலையோடு நின்ற போஞ்சி நாற்று, இப்பொழுது வெறுந்தண்டாய் நிற்கும். கோவா நாற்றின் குருத்து அறுந்து கிடக்கும். மண்ணின்மீதும் இலையின்மீதும் வெள்ளியிழை போன்ற கோடுகள் காய்ந்து பளபளக்கும். இதைச் செய்தது நத்தை என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்த நத்தை என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

இக்கேள்வியைக் கேளாமலே கண்ணிற் பட்ட ஓட்டையெல்லாம் காலால் நசுக்கிவிடுவது பலருடைய வழக்கம். இதனால் விளைவது யாதெனில், பலாமரத்தின் அடியிலோ கமுகமரத்திலோ பகலில் ஒட்டிக்கொண்டிருக்கும் நத்தை எளிதிற் கண்ணிற் படுவதால் அதுவே முதலிற் கொல்லப்படுகிறது. நாற்றைத் தின்ற நத்தையோ வாழைச் சருகின்கீழும் கற்குவியலின் இடுக்கிலும் சுகமாய் உறங்கிக்கிடக்கிறது. குற்றமற்றது மாண்டு, குற்றஞ்செய்தது பிழைக்கிறது. அன்றிரவு மீண்டும் மழை பெய்தால் மீதி நாற்றும் போய்விடும்.

இலங்கையில் ஏறக்குறைய 250 இனத் தரைநத்தைகள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டவை இத்தீவிலன்றி உலகில் வேறெங்கும் வாழ்வனவல்ல. பயிரைக் கெடுப்பவை மிகச் சிலவே. அவற்றுள்ளும் பெரும்பாலானவை பிறநாடுகளிலிருந்து வந்து சேர்ந்தவை. ஆகவே நத்தையைக் கையிலெடுத்து அரை நிமிடம் உற்றுநோக்கி இன்னதென்று அறிந்துகொள்ளும் பழக்கம், பயிரைக் காப்பதற்கும் நாட்டின் செல்வத்தைக் காப்பதற்கும் ஒருங்கே பயன்படும். அதற்கு நூலறிவு வேண்டியதில்லை. பார்க்கவேண்டிய இடம் எதுவென்று தெரிந்தால் போதும்.

வந்தேறிய நத்தையின் வரலாறு

கண்டித் தோட்டங்களில் இன்று மிகுந்த சேதம் விளைப்பது ஆபிரிக்கப் பெருநத்தை. அக்காத்தினா பூலிக்கா என்பது அதன் பழைய நூற்பெயர். இக்காலத்து நூல்களில் லிசக்காத்தினா பூலிக்கா எனப்படும். அதன் தாயகம் கிழக்கு ஆபிரிக்கக் கரையோரம். அங்கிருந்து மடகாசுக்கர், மொரீசியசு முதலிய தீவுகளுக்குப் பரவியது. 1847 ஆம் ஆண்டில் பென்சன் என்னும் நத்தை ஆராய்ச்சியாளர் மொரீசியசிலிருந்து சில நத்தைகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுசென்றார். அவை அங்கே ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. இந்தியாவில் இன்றுள்ள தொல்லைக்கு அதுவே தொடக்கம்.

இலங்கைக்கு இந்நத்தை 1900 ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தது. பத்து ஆண்டுகள் சென்றபின், அரசாங்கப் பூச்சியியலாளராயிருந்த ஏர்னஸ்ற் கிறீன் அவர்கள் அது களுத்துறைப் பகுதியிற் பெருகியமைபற்றி எழுதினார். அதனால் அதற்குக் களுத்துறை நத்தை என்ற பெயரும் சில காலம் வழங்கிற்று. பெயர் களுத்துறையோடு நின்றாலும் நத்தை அங்கே நிற்கவில்லை. நாற்றுச் சட்டி, சாணமூட்டை, செங்கல் ஏற்றிய வண்டி ஆகியவற்றோடு ஊர் ஊராய்ப் பயணஞ் செய்தது. நத்தை தன் காலால் மலையேறிக் கண்டிக்கு வரவில்லை, நாமே ஏற்றிவந்தோம். நாற்று வாங்குவோர் சட்டியின் அடித்துளையைத் திருப்பிப் பார்ப்பது இதனாலேயே அவசியமாகிறது.

சிறிய கவனக்குறைவு எத்துணை பெருகும் என்பதற்கு அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்து நிகழ்ச்சி ஒன்று சான்றாகும். 1966 ஆம் ஆண்டில் ஒரு சிறுவன் அவாய்த் தீவிலிருந்து மூன்று நத்தைகளை விளையாட்டாக மயாமி நகருக்குக் கொண்டுவந்தான். அவனுடைய பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டாள். ஏழு ஆண்டுகளில் அங்கே 18,000க்கு மேற்பட்ட நத்தைகள் பிடிக்கப்பட்டன. அவற்றை ஒழித்து முடிக்க 1975 வரை சென்றது. செலவு பத்து இலட்சம் டொலருக்கு மேல். அவ்வாறு ஒழித்த மாகாணத்திலேயே 2011 இல் அந்நத்தை மீண்டும் தலைகாட்டிற்று.

ஓட்டைப் பார்க்கும் முறை

நிறத்தை நம்பவேண்டாம் என்பதே முதற்பாடம். உயிருள்ள நத்தையின் நிறம் ஒன்று, செத்துக் கிடக்கும் ஓட்டின் நிறம் வேறு. வெயிலும் மழையும் பட்ட ஓடு சில மாதங்களில் வெளுத்துவிடும். ஓரினத்துக்குள்ளேயே மஞ்சளும் கபிலமும் கருமையும் உண்டு. இது நத்தைக்கு மட்டும் உரிய சங்கடமன்று. மன்னாரிலும் கற்பிட்டியிலும் யாழ்ப்பாணக் கரையிலும் கடலட்டை எடுப்போரைக் கேட்டால் இதையே சொல்வார்கள். விலையுயர்ந்த வெள்ளையட்டையின் முதுகு சாம்பல் நிறமாகவும் இருக்கும், ஏறக்குறையக் கறுப்பாகவும் இருக்கும். ஆதலால் அதைத் திருப்பி வெளுத்த வயிற்றையும், முதுகிலுள்ள குறுக்குச் சுருக்கங்களையும் பார்த்தே அறியவேண்டும். மேலும் ஐயமிருப்பின் ஆராய்ச்சியாளர் அதன் தோலிற் புதைந்துள்ள நுண்ணிய சுண்ணத் துணுக்குகளை உருப்பெருக்கியில் நோக்குவர். நத்தை ஆராய்வோருக்கு அத்துணை தொல்லை இல்லை. ஓட்டின் வடிவமும் வாயும் பெரும்பாலும் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

ஓட்டைக் கூர்முனை மேலாகவும், வாய் உங்கள் முகத்தை நோக்கியும் இருக்குமாறு பிடியுங்கள். முதலில் உயரத்தையும் அகலத்தையும் ஒப்பிடுக. உயரம் அகலத்தைப்போல் இரு மடங்கா, அல்லது அகலமே கூடியதா? அடுத்துக் கூர்முனையிலிருந்து வாய்வரை எத்தனை சுற்று என்று எண்ணுக. மூன்றாவதாக வாயின் விளிம்பை விரலாற் தடவிப் பாருங்கள். அது மெல்லியதாய்க் கூராக உள்ளதா, தடித்து வெளிப்புறம் மடிந்துள்ளதா? நான்காவதாக வாயினுள்ளே பார்த்தால், சுற்றுக்கள் எல்லாம் ஒரு நடுத்தூணைச் சுற்றியே ஏறுவது தெரியும். அத்தூண் வாயின் அடிவிளிம்பை வந்து சேர்கின்றதா, இடையிலே முறிந்து நிற்கின்றதா என நோக்குக. ஐந்தாவது, வாயை அடைக்கும் மூடி உண்டா இல்லையா என்பது.

சங்கைக் கண்டவுடன் வலம்புரியா இடம்புரியா என்று பார்ப்பது நம்மவர் வழக்கம். (நாம் வலம்புரி என்று போற்றும் சங்கை ஆராய்ச்சியாளர் இடஞ்சுழி என்பர், அவர்கள் ஓட்டைப் பிடிக்கும் முறை வேறு.) தோட்டத்து நத்தையை அறிய இது அதிகம் உதவாது. இப்பிரசுரத்தில் ஒப்பிடப்படும் பெருநத்தைகள் இரண்டுக்கும் வாய் வலப்புறமே இருக்கும்.

ஆபிரிக்கப் பெருநத்தை

இதன் ஓடு நீண்ட கூம்பு வடிவானது. வளர்ந்த நத்தையில் உயரம் அகலத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. நம் தோட்டங்களிற் சாதாரணமாய்க் காண்பவை இரண்டு முதல் நான்கு அங்குலம் வரை நீளமுள்ளவை. அரிதாக எட்டு அங்குலம் வரை வளரும். சுற்றுக்கள் ஏழு முதல் ஒன்பது. செங்கபில நிறத்தின்மேல் வெளிறிய மஞ்சட் கீற்றுக்கள் மேலிருந்து கீழாக, ஒழுங்கற்றுத் தீட்டியவைபோல் ஓடும். மேற் சொன்னவாறு, நிறம் மங்கிய ஓட்டில் இக்கீற்றுக்களைத் தேடிக் காலம் போக்கவேண்டாம்.

ஐயந்தீர்க்கும் அடையாளம் நடுத்தூணில் உள்ளது. வாயினுள் வெள்ளையாகவோ சற்று நீலம் பாய்ந்த வெள்ளையாகவோ தோன்றும் அத்தூண், அடிவிளிம்போடு வளைந்து கூடாமல், கத்தியால் நறுக்கியதுபோற் சட்டென்று முடிந்துவிடும். முடிந்த இடத்தில் ஒரு சிறு வெட்டு இருக்கும். அரை அங்குலக் குஞ்சிலும் இவ்வெட்டைக் காணலாம். வாயின் வெளிவிளிம்பு எவ்வளவு முதிர்ந்த நத்தையிலும் மெல்லியதாய்க் கூராகவே இருக்கும். ஒருபோதும் வெளியே மடியாது. மூடியும் இல்லை.

இது ஆணும் பெண்ணும் ஓருடலில் அமைந்த பிராணி. ஒருமுறை கூடியபின் விந்தைச் சேமித்துவைத்துப் பல தடவை முட்டையிடவல்லது. ஒரு தடவையில் நூறு முதல் நானூறு வரை முட்டைகள் இடும். முட்டைகள் வெளிறிய மஞ்சள் நிறமாய், ஓர் அங்குலத்தில் ஐந்திலொரு பங்கு அளவினவாய், ஈரமண்ணில் ஓரிரு அங்குல ஆழத்திலோ சருகுக் குவியலிலோ ஒரே குவியலாய்க் கிடக்கும். நாற்றுமேடைக்கு மண் கிண்டும்போது சவ்வரிசிக் குவியல் போன்று ஒன்று வெளிப்பட்டால் அது பெரும்பாலும் இதுவே. ஆறு மாதத்தில் குஞ்சு முட்டையிடும் பருவத்தை அடைந்துவிடும்.

வறட்சிக் காலத்தில் இது ஓட்டினுள் ஒடுங்கி, வாயை வெண்ணிறச் சவ்வொன்றால் அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உறங்கும். தை, மாசி மாதங்களில் மதிலோரத்தில் இவ்வாறு உறங்குவனவற்றைச் செத்தவையென்று எண்ணி விட்டுவிடுவோர் உளர். முதல் மழையில் அச்சவ்வு கரைந்து நத்தை வெளிவரும். இச்சவ்வை மூடியென்று மயங்கலாகாது. விரலால் அழுத்தினால் நொறுங்குவது சவ்வு, கொம்புபோல் உறுதியாய் நிற்பது மூடி.

மரத்து நத்தை: அகாவசு

இனிக் கொல்லக்கூடாத நத்தையைப் பற்றி அறிதல் வேண்டும். இலங்கையின் ஈரவலயத்துக் காடுகளிலும், பலா, கமுகு, மிளகு, சாதிக்காய், கராம்பு செறிந்த கண்டிய வீட்டுத்தோட்டங்களிலும் அகாவசு என்னும் பெரிய நத்தைச் சாதி வாழ்கின்றது. அகாவசு சாதியின் எல்லா இனங்களும் இலங்கைக்கே உரியவை. இவற்றின் நெருங்கிய உறவினரைக் காணவேண்டுமானால் மடகாசுக்கருக்கோ சீசெல்சுத் தீவுகளுக்கோ செல்லவேண்டும். அந்நிலங்களும் இந்தியாவும் இலங்கையும் தென்கண்டம் ஒன்றின் பகுதிகளாய் ஒட்டியிருந்த காலத்து மிச்சமே இக்குடும்பம் என ஆராய்ச்சியாளர் கொள்வர். கடல் கடந்து வந்த நத்தையன்று. நிலத்தோடு நிலமாய் வந்த நத்தை.

இதன் ஓடு உருண்டு தட்டையானது. உயரம் அகலத்திற் குறைந்தோ, மிஞ்சினால் சமமாயோ இருக்கும். ஏறக்குறைய இரண்டு அங்குல அகலம். சுற்றுக்கள் நான்கு அல்லது ஐந்தே; அவற்றுள்ளும் கடைசிச் சுற்றே ஓட்டின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். கூர்முனை என்று சொல்லத்தக்கது இல்லை. மழுங்கிய மேடுதான் உண்டு. ஓடு தடித்தது, கையிற் கனக்கும்.

முதிர்ந்த அகாவசின் வாய்விளிம்பே அதன் அழகும் அடையாளமும். விளிம்பு தடித்து, உதடுபோல் வெளிப்புறம் மடிந்து, செந்நிறமாகவோ இளஞ்சிவப்பாகவோ வெண்மையாகவோ பளபளக்கும். ஓட்டின் மேற்புற நிறம் மஞ்சள், கபிலம், கருங்கபிலம் எனப் பலவாறு வேறுபடும். நடுத்தூண் நறுக்குண்டு நில்லாமல் விளிம்போடு இசைவாய்க் கூடிவிடும்.

இளம் அகாவசுக்கு இவ்வுதடு இன்னும் தோன்றியிராது, விளிம்பு மெல்லியதாயிருக்கும். இங்கேதான் பலர் ஏமாறுவர். அவ்வேளையில் விளிம்பை விட்டு வடிவத்தையும் தூணையும் பார்த்தல் வேண்டும். அகலமாய், சுற்றுக் குறைவாய், தூண் முறியாததாய் இருந்தால் அதை எடுத்த மரத்திலேயே திரும்ப விட்டுவிடுக.

பகலில் மரப்பட்டையில் அசைவற்று ஒட்டிக்கிடப்பதும் இரவில் பட்டையிற் படர்ந்த பாசி, பூஞ்சணம் முதலியவற்றை மேய்வதுமே இதன் தொழில். மரக்கறிப் பாத்தியில் இறங்கி நாற்றை மொட்டையடிக்கும் வழக்கம் இதற்கில்லை. இதன் முட்டை ஆபிரிக்க நத்தையின் முட்டையைவிடப் பல மடங்கு பெரியது. இடுவதோ மிகச் சில. சருகைக் கூட்டும்போது சிறு பறவைமுட்டை போன்ற வெண்முட்டை ஒன்றிரண்டு மட்டும் கிடைத்தால் அவற்றை மூடிவைப்பதே முறை. நூற்றுக்கணக்கில் இடுகின்ற வந்தேறியை ஒருநாள் முழுதும் நசுக்கினாலும் அடுத்த பருவத்தில் ஈடுகட்டிவிடும். நான்கைந்து பெரிய முட்டைகளையே நம்பியிருக்கும் அகாவசை ஒரு தோட்டத்திற் பத்து நாள் நசுக்கினால், அத்தோட்டத்தில் அது இல்லாமலே போகலாம். சுற்றிலும் வீடுகள் நெருங்கிவிட்ட இக்காலத்தில் அடுத்த காட்டிலிருந்து நடந்துவர அதற்கு வழியும் இராது.

உடவத்தைகெலே 1938 ஆம் ஆண்டிலிருந்து சரணாலயமாய் உள்ளது. அங்கிருந்து எந்த நத்தையையும் எடுத்துவரல் ஆகாது. ஆயின் அதன் வேலிக்கு வெளியே, அருப்பொலை, கட்டுகஸ்தோட்டை, பேராதனை, ஹந்தானைச் சரிவு ஆகிய இடங்களின் வீட்டுத்தோட்டங்களிலுள்ள மரங்களும் நாட்டு நத்தைகளுக்குப் புகலிடமே. அவற்றைக் காப்பவர் வனகாவலர் அல்லர், தோட்டக்காரரே.

மூடியுள்ளவை, சிறியவை, ஓடற்றவை

சருகின்கீழ் ஓர் அங்குலம் அல்லது சற்று மேற்பட்ட அகலமுள்ள, நாணயம்போல் வட்ட வாயுடைய நத்தையொன்று அகப்படும். தொட்டவுடன் உள்ளே ஒடுங்கிக் கொம்பு நிறமான வட்ட மூடியால் கதவடைத்துக்கொள்ளும். ஊரும்போது பார்த்தால் இதற்கு இரண்டே கொம்புகள். கண்கள் கொம்பின் நுனியில் இராமல் அடியில் இருக்கும். மற்றைத் தரைநத்தைகளுக்கு நான்கு கொம்புகள் உண்டு. மேலிரண்டின் நுனியிற் கண்ணிருக்கும். மூடியுடைய இவை சைக்கிளோபோரசும் அதன் இனத்தனவுமாம். உக்கிய சருகே இவற்றின் உணவு. மூடி கண்டால் விட்டுவிடுக என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கலாம். வயலிலும் குளத்திலும் வாழும் பெரிய நீர்நத்தைக்கும் மூடியுண்டு. அது வேறு கதை.

மெல்லிய கண்ணாடி போன்று பளபளக்கும் ஓட்டையும், ஓட்டுக்கு அடங்காத உடலையும் உடைய நத்தைகளும் ஈரமான மலைச்சரிவுகளில் உள. அவற்றுள் ஒரு சாதிக்கு ஆராய்ச்சியாளர் இட்ட பெயர் இரத்தினத்துவீபியா. இரத்தினத்துவீபம் என்பது இத்தீவின் பழம்பெயர்களுள் ஒன்று. பெயர் சொல்வதுபோலவே இதுவும் இலங்கைக்கே உரியது, தீங்கற்றது.

ஆபிரிக்க நத்தைக் குஞ்சென்று பெரிதும் மயங்கப்படுவது சுபுலினா என்னும் சிறுநத்தை. பூச்சட்டியின் மண்ணில் நிறைந்திருக்கும். ஊசிபோல் மெலிந்து நீண்டு, அரை அங்குலத்துக்குச் சற்று மேற்பட்டது; ஓடு ஒளி ஊடுருவுமாதலால் சிலவேளை உள்ளேயுள்ள முட்டைகளும் வெள்ளை மணிகளாய்த் தெரியும். அதே நீளமுள்ள ஆபிரிக்கக் குஞ்சு இவ்வாறு மெலிந்திராது. வயிறு பருத்து, முனை மழுங்கி, சுற்றுக்கள் மூன்று நான்கே உடையதாயிருக்கும். சுபுலினாவும் பிறநாட்டிலிருந்து வந்ததே எனினும், அதைப் பிடித்து நேரம் போக்குவது வீண்வேலை.

பிராடிபேனா என்னும் இன்னொரு வந்தேறியோ அவ்வாறு விடத்தக்கதன்று. அரை அங்குல அகலமுள்ள, உருண்ட, மெல்லிய மங்கிய கபில ஓடு. பலவற்றில் கடைசிச் சுற்றின் நடுவே ஒற்றைக் கருங்கபில வளையம் ஓடும். கீரை, இலைக்கோவா, பூச்செடி ஆகியவற்றின் இலையடியில் கூட்டமாய் ஒட்டியிருக்கும். சிறியது என்று இகழவேண்டாம். எண்ணிக்கையாற் சேதம் செய்யும்.

ஓடில்லா நத்தைகளை அட்டையென்று மயங்குவாரும் உண்டு. அட்டைக்குக் கொம்பில்லை, உடலின் இரு முனைகளிலும் உறிஞ்சியுண்டு, சளிக்கோடு விட்டுச் செல்லாது. ஓடில்லா நத்தைக்குக் கொம்புண்டு, கோடு உண்டு, இரத்தம் குடிக்கும் குணம் இல்லை. கண்டித் தோட்டங்களிற் காணும் கரிய தோல்நத்தை தட்டையானது. முதுகு முழுவதும் பதனிட்ட தோல்போலிருக்கும். நடு முதுகில் நெடுக வெளிறிய கோடொன்று உண்டு. ஊரும்போது நான்கு அங்குலத்துக்கு மேலும் நீளும். இதுவும் ஆபிரிக்காவிலிருந்து வந்ததே, நாற்றையும் தின்னும். நுவரெலியா முதலிய குளிர்ந்த உயர்நிலத்து மரக்கறித் தோட்டங்களில் தொல்லை தருவது வேறொன்று. அதன் முன்முதுகில் மட்டும் சேணம் போட்டதுபோன்ற மடிப்பு இருக்கும். அதன் வலப்புறத்தில் மூச்சுத்துளை தெரியும். சீண்டினால் பால்போன்ற சளியைக் கக்கும். இது ஐரோப்பாவிலிருந்து உருளைக்கிழங்கு, கோவா முதலியவற்றோடு வந்து சேர்ந்த கூட்டத்தைச் சார்ந்தது.

இனங்கண்டபின் செய்யவேண்டியவை

பயிர்கெடுக்கும் நத்தைதான் என்று உறுதியானால், கையாற் பொறுக்குவதைவிடச் சிறந்த முறை சிறு தோட்டத்திற்கு இல்லை. மழை பெய்த மாலையில், இருட்டி ஓரிரு மணி நேரத்துக்குள், விளக்கோடு செல்லவேண்டும். முந்திய நாளே பாத்தியோரத்தில் நனைத்த சாக்கையோ பப்பாசி இலையையோ கோவாவின் கழிவிலையையோ போட்டுவைத்தால் நத்தைகள் அதன்கீழ் வந்து கூடும். விடியற்காலையில் ஒரே இடத்திற் பொறுக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னே கற்குவியல், பழைய ஓலை, உடைந்த ஓடு முதலியவற்றை அகற்றுவது பாதி வேலையை முடித்ததற்குச் சமம். பொறுக்கியவற்றை உப்பைக் கரைத்த நீரில் அமிழ்த்திக் கொன்று, ஒன்றரை அடி ஆழத்திற் சுண்ணாம்பிட்டுப் புதைக்கவும். உப்பைப் பாத்தியிலே தூவுவது பெருந்தவறு. நத்தை ஒருநாளிற் போகும், உப்பு மண்ணைவிட்டு எளிதிற் போகாது. நாற்றுமேடையைச் சுற்றிச் சாம்பல் அல்லது சுண்ணாம்பை நாலங்குல அகலத்திற் தூவலாம். மழை நனைத்தபின் அதற்குப் பயனில்லை, மீண்டும் இடவேண்டும்.

மெற்றல்டிகைட்டு கலந்த நச்சுத் தீனி கடைகளிற் கிடைக்கும். அது நத்தைகளுள் நல்லது கெட்டது பாராது. நாயும் கோழியும் தின்றால் அவையும் இறக்கும். மரநிழலுள்ள வீட்டுத்தோட்டங்களில் அதைப் பரப்புவதை இத்துண்டுப்பிரசுரம் ஆதரிக்கவில்லை. வேறு வழியில்லாத நாற்றுமேடையில், மூடிய சட்டிக்குள் வைத்து, பிரதேச விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனைப்படி மட்டும் இடலாம்.

நத்தைக்குப் பகையான நண்பர்கள் தோட்டத்திலேயே உள்ளனர். செண்பகப் பறவை ஆபிரிக்க நத்தையை உடைத்துத் தின்னும். பெரிய மின்மினி இனம் ஒன்றின் புழு இந்நத்தையையே உணவாகக் கொண்டது. இதன் வாழ்க்கையை ஆராய்ந்து 1924 ஆம் ஆண்டிலேயே இலங்கை விவசாயத் திணைக்களம் ஒரு சிறுநூல் வெளியிட்டது. அப்புழு கரிய நிறத்தது, தட்டையானது, கணுக்கணுவானது. வாலில் இரவில் ஒளிவிடும். நத்தையோட்டினுள் இதைக் கண்டால் ஓட்டோடு நிழலில் விட்டுவிடுக.

நாட்டிலுள்ள பகையைக் காப்பது வேறு, வெளிநாட்டுப் பகையைக் கொண்டுவருவது வேறு. நத்தை தின்னும் நத்தையாகிய யூகிளாந்தினாவை, ஆபிரிக்க நத்தையை ஒழிப்பதற்கென்று 1955 இல் அவாய்த் தீவிலும், 1974 இல் தகீத்தியிலும், 1977 இல் அதன் அண்டைத் தீவாகிய மூரேயாவிலும் விட்டார்கள். அது பெருநத்தையை ஒழிக்கவில்லை. பிடிக்க எளிதான நாட்டு மரநத்தைகளையே தின்றது. மூரேயாவின் பார்த்துலா என்னும் மரநத்தையினங்கள் பத்தாண்டுகளுக்குள் காட்டிலிருந்து மறைந்தன. ஆய்வுகூடங்களிற் பேணப்பட்டவையே மிஞ்சின. அகாவசு வாழும் நம் நாட்டில் அத்தகைய பரிசோதனையை எவரும் தாமாகச் செய்ய எண்ணலாகாது.

உடல்நலம்பற்றியும் ஒரு சொல். எலியின் நுரையீரற் குருதிக்குழாயில் வாழும் ஒருவகைப் புழு இலங்கையிலும் உண்டு. அதன் இளம்புழுக்கள் எலியின் மலத்திலிருந்து நத்தையின் உடலுக்குள் செல்லும். அந்நத்தையை மனிதன் பச்சையாய் உண்டாலோ, சிறுநத்தை ஒட்டிய கீரையைக் கழுவாமல் உண்டாலோ, புழு மூளையைச் சென்றடைந்து மூளையுறையை அழற்சியுறச் செய்யும். கடுந்தலைவலியும் கழுத்து விறைப்பும் காணின் வைத்தியரிடம் சென்று, நத்தையைத் தொட்ட அல்லது பச்சைக்கீரை உண்ட செய்தியையும் சொல்லவேண்டும். வல்லாரைச் சம்பல் நம் பகுதியிற் பச்சையாகவே உண்ணப்படுவது. ஆகவே வல்லாரையைக் கட்டோடு நீரில் அமிழ்த்தி எடுப்பது போதாது. இலை இலையாய்ப் பிரித்து, ஓடும் நீரில் இருபுறமும் தேய்த்துக் கழுவுக. நத்தையை வெறுங்கையாற் பொறுக்காமல் கையுறையோ பொலித்தீன் பையோ அணிக. குழந்தைகளை இவ்வேலைக்கு விடவேண்டாம். கோழிக்கோ தாராவுக்கோ கொடுப்பதாயின் நன்கு அவித்தே கொடுக்கவும்.

செத்த நத்தையின் ஓடுகளைத் தோட்டத்திற் சிதறவிடலாகாது. வாய் மேலாய்க் கிடக்கும் பெரிய ஓடு ஒவ்வொன்றும் மழைநீர் ஏந்தும் சிறு கிண்ணம். அதில் நுளம்பு முட்டையிடும். அவற்றை நொறுக்கிப் பசளைக் குழியிற் போட்டால் மண்ணுக்குச் சுண்ணமாகும். நொறுக்கும் முன் இரண்டொன்றைக் கழுவி, அதே தோட்டத்தில் இயல்பாய் இறந்துகிடந்த அகாவசு ஓடொன்றோடு சேர்த்து வீட்டுத் திண்ணையில் வைத்துக்கொள்ளலாம். அடுத்த மழைக்கு முன், தோட்டத்தில் வேலைசெய்யும் ஒவ்வொருவரும் அவற்றைக் கையிலெடுத்து, விளிம்பைத் தடவி, தூணை நோக்கிப் பழகிக்கொள்வாராக.